ரத்தினசாமி கடைக்கு நனைந்து திரும்பிய புத்தகங்கள்

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் சித்திரை மாதத்தில், சுப்புலட்சுமி என்ற அம்மாள் ரத்தினசாமியின் வாடகைப் புத்தகக் கடையில் திருப்பிக் கொடுத்த குடும்ப நாவலிலிருந்து அரைக் குடம் தண்ணீர் வடிந்தது. திருப்பூரில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு வரிசையில் நின்ற காலம். புத்தகம் எப்படி இருந்தது என்று ரத்தினசாமி வழக்கம்போலக் கேட்டார். "நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று அந்த அம்மாளும் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குப் போனார். ரத்தினசாமி வடிந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஏதாவது நடந்தது. துப்பறியும் நாவல் ஒன்று ஐஸ் பெட்டியில் கிடந்ததுபோல விறைத்துத் திரும்பி வந்தது. எடுத்துப் போனவர் பாதியிலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பிறகு வேறு யாரோ சொன்னார்கள். சமையல் புத்தகம் தீய்ந்த வாடையோடு வந்தது, இரண்டு நாள் கடைக்குள் உட்கார முடியவில்லை. ராசிபலன் புத்தகத்தை எப்படி வைத்தாலும் சுவர்ப் பக்கமே திரும்பி நின்றுகொண்டது. ஒரே வருடத்தில் முதலாளியாவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகத்தை பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் தைக்கும் டெய்லர் மாரப்பன் படித்துவிட்டுக் கொடுக்க, அது அலமாரியில் இருந்தபடியே மறுநாள் மத்தியானம்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான். நல்லாத்தானுங்க இருந்துச்சு.

எங்கள் பக்கத்து ஜனங்களின் சுபாவம் அப்படி. பல்லைப் பிடுங்கினவரிடம்கூட, வாயில் ரத்தத்தோடு, நல்லாப் பிடுங்கினீங்க சாமி என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல நாக்கு வளையாது. சொல்லாமல் விழுங்கினது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். அது புத்தகத்தில் ஏறிக்கொண்டது. தெரு இதற்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. ரத்தினசாமி பனியன் கம்பெனிகளிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகளை மூட்டையாக வாங்கிப் போட்டு, அழுத புத்தகங்களைத் துடைத்து, மொட்டை மாடிக் கொடியில் கிளிப் மாட்டி உலர்த்தினார். துணிக்கு நடுவே நாவல் தொங்குவதை யாரும் நின்று பார்க்கவில்லை.

உண்மையில் அவருக்கு இது பெரிய துணையாக இருந்தது. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, அண்ணனுடைய நிட்டிங் கம்பெனியில் கணக்கு எழுதி, இரண்டாயிரத்து ஒன்றில் மனைவி மருதம்மாள் இறந்துபோன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்னறையில் இந்தக் கடையைப் போட்டவர். மகன் அருள்செல்வன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். புதுவீடு கட்டிக்கொண்டு போய்விட்டான், போனில் கேட்டால் நல்லா இருக்கேன் கண்ணு என்று இவர் சொல்லுவார். பேச ஆளில்லாத வீட்டில், உள்ளதை உள்ளபடி சொன்னவை இந்தப் புத்தகங்கள்தான். கைவைத்துப் பார்த்தால் போதும், படித்தவருக்கு எங்கே சுட்டது, எங்கே குளிர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அவருக்குத் தெரியவேண்டியது வேறு. மருதம்மாள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "எங்கூட இருந்தது உனக்கு எப்படி அம்மிணி இருந்துச்சு?" மருதம்மாள் அவர் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். உப்பில்லாத கஞ்சியையும், கரை கிழிந்த சேலையையும், ஊசி போட்ட நர்ஸையும் அதே வார்த்தையில் சொன்னவள் அவள். இதை எப்படி நம்புவது? அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவரைத் தின்றது. ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போனதில்லை, பழனிக்குப் பாதயாத்திரை போனபோதும் பத்தடி முன்னாலேயே நடந்தவர். கேட்கக் கேட்க, அவள் மனசில் என்ன வைத்துக்கொண்டு போனாளோ என்ற பயம்தான் பெரிதானது.

அதனால் அவரே ஒரு சின்ன நாவல் எழுதினார். ஒரு தறிக்காரன், அவன் மனைவி, ஆஸ்பத்திரிக் கட்டில், அந்தக் கேள்வி, அந்தப் பதில். அவ்வளவுதான். பனியன் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் கொடுத்து அச்சடித்தார். சொந்தப் பெயரில் போட்டால் தெரு முழுக்க நல்லா எழுதியிருக்கீங்க என்று கும்பிட்டுவிடும் என்பதால், மருதம்மாளின் ஊரை வைத்துக் கணியூரான் என்று போட்டுக்கொண்டார். துப்பறியும் நாவலுக்கும் கோலப் புத்தகத்துக்கும் நடுவே செருகி வைத்துவிட்டுக் காத்திருந்தார். படிக்கிற யாராவது ஒருவருடைய மனசு, அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று புத்தகத்தின் மேல் காட்டிவிடும் என்பது அவர் கணக்கு.

புத்தகம் போனது, வந்தது. போனபடியே வந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை, சூடில்லை, வாடையில்லை. கொடுத்தவர்கள் நல்லாத்தானுங்க இருந்துச்சு என்றார்கள். அதை யார் கணக்கில் எடுப்பது? படிக்காமல் திருப்பிய புத்தகங்களும் இப்படித்தான் உலர்ந்து வரும். ஆகவே ஒருத்தரும் படிக்கவில்லை என்று முடிவு கட்டினார். இரண்டு வருடம், மூன்று வருடம் அப்படியே ஓடியது. நடுவில் வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்து வாசகர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கொடியில் புத்தகம் தொங்காத நாட்களும் வந்தன. அந்த நாட்களில் ரத்தினசாமி மாடிக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

இரண்டாயிரத்து ஏழில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாகஜோதி வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையலில் பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை பார்த்துத் தள்ளுகிறவள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைக்கு வருவாள், புத்தகத்தையும் அதே கண்ணோடு பார்ப்பாள்.

"அண்ணாச்சி, இது தேறாது. கொலைகாரன் யாருன்னு மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. பெறவு எதுக்கு இம்புட்டுப் பக்கம்?"

சமையல் புத்தகத்துக்கு, இதில் போட்ட அளவுக்கு உப்புப் போட்டால் மாடுகூடத் தின்னாது என்றாள். ஒரு கவிதைத் தொகுப்பைத் தந்துவிட்டு, "பாதி எனக்குப் புரியலை. புரிஞ்ச பாதி ரெண்டு நாளாத் தூங்க விடலை" என்றாள். அவள் கொடுத்த புத்தகம் எதுவும் நனையவுமில்லை, சிரிக்கவுமில்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லித் தீர்த்துவிட்டதால் புத்தகத்துக்கு மிச்சம் வைக்கவில்லை என்று ரத்தினசாமி புரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். ஆனாலும் தன் நாவலை அவளிடம் நீட்டத் தைரியம் வரவில்லை. அவள் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் அப்புறம் கேட்க வேறு ஆளில்லை. அதை மேல்தட்டுக்கு மாற்றி, முன்னால் பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கிவைத்தார்.

அடுத்த வருடம் தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு, அவர் மாடிக்குப் போய் வருவதற்குள் நாகஜோதி ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துவிட்டாள். அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறு ஞாயிறு வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

ரத்தினசாமி மேற்கொண்டு வரும் என்று காத்திருந்தார். அவள் அடுத்த புத்தகத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"நீயும் எங்கூர்க்காரி ஆயிட்டயா அம்மிணி? நெசத்தைச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நெசத்தைத்தான சொல்லுதேன். நல்லால்லாததை நல்லாருக்குன்னு என்னைக்காச்சும் உங்ககிட்ட சொல்லிருக்கனா?"

"இல்ல... அந்தப் பொம்பள கடைசீல சொல்றாளே, அது நெசமா, பொய்யா? எழுதுனவனுக்கே தெரியலையாட்ட இருக்குது."

நாகஜோதி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எழுதுனவருக்குத் தெரியாட்டி என்ன? நல்லா இருந்தவ வேற எப்படிச் சொல்லுவா? நல்லா இருந்துச்சுன்னுதான சொல்லணும். அவ சொல்லிட்டா. அந்த ஆளுதான் நம்பலை. அம்புட்டுத்தான் கதை." பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "எங்க செக்கிங்ல எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். சீனியம்மாக்கா, ஒச்சம்மாக்கா, எல்லாரும் உங்ககிட்ட எடுத்துத்தான் படிச்சிருக்காங்க. அவுங்க சொல்லித்தான் நானே தேடி எடுத்தேன்" என்றாள்.

அவள் போன பிறகு ரத்தினசாமி புத்தகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முதுகுத் தையல்வரை உலர்ந்திருந்தது. சீனியம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னதும், ஒச்சம்மாள் சொன்னதும், பெயர் மறந்துபோன மற்றவர்கள் சொன்னதும் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. எல்லாரும் நிஜத்தைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதோடு தீர்ந்துவிட்டது, புத்தகத்தில் ஏற மிச்சமில்லை. இத்தனை வருடம் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருக்க, இவர் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

மருதம்மாளும் அப்படித்தான். நல்லா இருந்தவள், நல்லா இருந்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் நம்பவில்லை. நம்பாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கண்ணை மூடினாள். ரத்தினசாமி கடைக்கதவைச் சாத்திவிட்டு, வாய்விட்டு அழுதார். அவள் சந்தோஷமாக இருந்ததற்கும், அதை அவளிடம் ஒத்துக்கொள்ளாமல் விட்டதற்கும் சேர்த்து அழுதார். பக்கத்து லைன் வீடுகளில் ஏதோ பெரிய நாவல் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நாகஜோதி திரும்பவில்லை. அந்த வருடம் ஆர்டர் குறைந்து பலரை நிறுத்திய கம்பெனிகளில் அவளுடையதும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மற்ற கிழமைகளைப் போலவே ஆகிவிட்டது. மாசி மாதம் மாரப்பன் அந்த நாவலை எடுத்துப் போனார், நாலு நாள் வைத்திருந்து கொண்டுவந்தார். "நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

"ரொம்ப சந்தோசமுங்க" என்று ரத்தினசாமி இரண்டு கைகளாலும் வாங்கினார். ஈரமா, சூடா என்று தடவிப் பார்க்காமல் அதை அலமாரியில் வைத்துவிட்டு, மாரப்பனை உட்காரச் சொல்லி டீ வாங்கிவரப் போனார்.