முதல் குவளை

ஜெனரல் ஓவெலார் தண்ணீருக்குப் பயந்தவர். தலைநகர் அசுன்சியோனில் பாதிப் பேருக்கு அவர் நாட்டைக் காத்த தெய்வம், மீதிப் பேருக்குக் கசாப்புக்காரர். குடிக்கிற தண்ணீரில் கவனமாக இரு என்று வாரத்துக்கு இரண்டு மொட்டைக் கடிதமாவது வந்துவிடும். அதனால் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்தைக் குடிப்பதில் மட்டும் கிழவர் வழக்கம் பிசகமாட்டார். மூலிகைத் தண்ணீரை ஊற்றித் தருகிறவர்தான் முதல் குவளையைக் குடிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், முதல் குவளை கசக்கும் என்பதால். இந்த வீட்டிலோ, ஊற்றுகிறவளின் தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் அவர் கையை நீட்டுவார்.

ஊற்றுகிறவள் வெனான்சியா. அவர் சொல்லச் சொல்ல, ஏழு மாதமாக அவருடைய போர் நினைவுகளைத் தட்டச்சு செய்கிறாள். மூன்று புத்தகங்கள் ஏற்கெனவே வந்தாயிற்று. மூன்றிலும் தப்புச் செய்தவர்கள் எல்லாரும் வசதியாகச் செத்துப்போனவர்கள். இது நாலாவது. கணவன் வழிப் பெயரைச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சில்வினோ அல்மிரோனின் தங்கை என்று தெரிந்திருந்தால் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது.

சில்வினோ இருபது வருடம் முன்பு சாக்கோப் போரில், கரந்தாய் கிணற்றருகே, ஓடிப்போன கோழை என்று சுடப்பட்ட ஏழு பேரில் ஒருவன். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அம்மா சாகும்வரை தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. வெனான்சியா அதை ஒருநாளும் நம்பியதில்லை. என்றைக்காவது இந்தக் கிழவர் வாயிலிருந்து உண்மை தவறி விழும், விழுந்ததும் காகிதத்தில் பிடித்துவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தாள்.

அன்று ஜனவரி பத்தொன்பது, சில்வினோவைச் சுட்ட நாள். கிணற்றைப் பிடித்ததன் இருபதாம் ஆண்டு மறுநாள் வருகிறது என்று பத்திரிகைக்காரர்கள் அந்த அத்தியாயத்தைக் கேட்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் விளங்காத ஜெனரல் தாழ்வாரத்து நாற்காலியில் சாய்ந்தபடி ஆரம்பித்தார்.

“எழுதிக்கம்மா. ஏழு கோழைப் பசங்க காவலை விட்டுட்டு ஓடிட்டானுங்க. நான்தான் சுடச் சொன்னேன். இன்னிக்கும் அதுக்காக வருத்தப்படல.”

பிறகு பெயர்களைச் சொன்னார். ஐந்தாவது பெயர் சில்வினோ அல்மிரோன். வெனான்சியா எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

“தொண்டை காயுது. ஊத்து.”

காலையிலிருந்து இந்த நேரத்தை நினைத்துத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். கொம்புக் குவளையில் ஊற்றி, குடிக்காமல் அப்படியே நீட்டினாள்.

“என்ன, நீ குடிக்கல?”

“இன்னிக்கு நேர்த்திக்கடன் ஐயா. சூரியன் சாயற வரைக்கும் தண்ணி தொடமாட்டேன்.”

“யாருக்காக?”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வாய் அதைச் சொல்ல மறுத்தது.

“எங்க அண்ணனுக்கு. இப்ப சொன்னீங்களே, அஞ்சாவது பேரு.”

ஜெனரல் குவளையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏழு மாதமாக அந்தக் கையால்தான் தினமும் மூலிகை இடிபடுகிறது. அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது அடங்கியது. போன வருடம் மொட்டைக் கடிதம் எழுதியதாகச் சந்தேகப்பட்ட ஆசாமியை அழைத்துப் போனார்கள். அவன் செருப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது.

“பிரித்தெஸ்!”

இடுப்பில் துப்பாக்கியோடு சார்ஜன்ட் வந்து நின்றார். போர்க்காலத்திலிருந்து ஜெனரலின் நிழல். பேசவே மாட்டார். இந்த வீட்டில் வெனான்சியா மிகவும் பயந்தது அவருக்குத்தான்.

“இவ அந்த அல்மிரோனோட தங்கச்சியாம். இவ கலந்தத நீ குடிடா. ருசி மாறியிருந்தா என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்.”

தண்ணீரில் புதினாவையும் எலுமிச்சை இலையையும் தவிர எதுவும் இல்லை. ஆனால் எஜமானைக் குளிரவைக்க இந்த மனுஷன் கசக்கிறது என்று சொல்லிவிட்டால்?

சார்ஜன்ட் குவளையை எடுத்தார். அவளைப் பார்த்தார். இயந்திரத்தில் நின்ற தாளைப் பார்த்தார். குவளையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“இன்னிக்கு முடியாது ஜெனரல்.”

“உத்தரவுடா நாயே!”

“இருபது வருஷமா இந்தத் தேதியில நான் தண்ணி குடிக்கறதில்ல. நீங்கதான் கவனிச்சதில்ல.”

“உனக்கு என்னடா வந்துச்சு?”

“சுட்டது நான். அந்த ஏழு பேர்ல மூணு பேரு என் குண்டுல செத்தாங்க.” வெனான்சியாவின் பக்கம் திரும்பினார். “அவங்க ஓடல தங்கச்சி. தண்ணி தேடிட்டு வாங்கன்னு இவரேதான் அனுப்பினாரு. பக்கத்துல நான் நின்னேன். அதுக்குள்ள மேலிடத்து ஆளு வந்து காவல் ஏன் காலியா கெடக்குன்னு கேட்டான். இவரு மாட்டிக்கிட்டாரு, பசங்க ஓடிட்டானுங்கன்னு சொல்லிட்டாரு. அவங்க வெறுங்குடுவையோட திரும்பி வந்தாங்க, உதடெல்லாம் வெடிச்சு. சுடறதுக்கு முன்னாடி உங்கண்ணன் ஒரு வாய் தண்ணி கேட்டான். எங்கிட்ட இருந்துச்சு. குடுக்காதன்னாரு. நான் குடுக்கல.”

சார்ஜன்ட் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. வெனான்சியா இரண்டும் செய்யவில்லை. இயந்திரத்திலிருந்த தாளை உருவி எறிந்துவிட்டுப் புதுத் தாளைச் செருகினாள்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவா.”

சார்ஜன்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜெனரலுக்கு எதிரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நிறுத்து என்று கத்தப் பார்த்த ஜெனரலுக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தட்டச்சுச் சத்தம் ஆரம்பித்தது. கூஜாவில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. கிழவரின் கை கூஜா வரை போய், தொடாமல் நின்றது.

சூரியன் சாய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.