வழி தவறிக் கிடைத்த ஞானமகள்

செபஸ்தியன் நல்லவன்தான், கள்ளுக்கடைப் பக்கம் கால் போகாதவரைக்கும். லாபிஸ் ரயிலடியிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிவரும் ஒற்றை மாட்டு வண்டி அவனுடையது. கிறிஸ்மஸ் பூசைக்கு வரும் சாமியாரையும் அவன்தான் அழைத்துவர வேண்டும்.

"டேய், ஒரு சொட்டு தொட்டே, தோலை உரிச்சிருவேன்" என்று முதல் நாளே எச்சரித்தார் தோட்டத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசை உபதேசியார்.

"மாதாமேல சத்தியமா தொடமாட்டேங்க" என்றான். அன்று சாயங்காலமே தொட்டான்.

காலையில் ரயில் வந்தபோது அவனுக்குத் தலை பாறையாய்க் கனத்தது. சாமியார் ஊருக்குப் புதிய வெள்ளைக்காரர். வண்டிக்குள் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தை விரித்துக்கொண்டார். மழைத் தூறல், குளிர்காற்று, இருபுறமும் பால்மரங்கள். செபஸ்தியனுக்குக் கண் சொருகியது. கயிறு தளர்ந்ததும், மாடு தான் விற்கப்படும்முன் வளர்ந்த ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பாதையில் சந்தோஷமாகத் திரும்பிவிட்டது.

வண்டி நின்ற குலுக்கலில் விழித்தவன் திகைத்துப் போனான். எதிரே தொழிலாளர் குடியிருக்கும், முன்பின் தெரியாத லயம்.

"அலமாக், ஐயையோ! சாமி, மன்னிச்சிருங்க. ராத்திரி குடிச்சது, தூங்கிட்டேன். வழி தப்பிப்போச்சு."

சாமியார் வாய் திறப்பதற்குள், கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். வெள்ளை அங்கியைக் கண்டதும் சேறென்றும் பாராமல் முழங்காலிட்டாள்.

"இந்தாங்க, ஓடியாங்க! சாமி வந்திருக்காரு!"

அவள் பெயர் ஆரோக்கியம். ஓடிவந்தவன் அவள் புருஷன் லூயிஸ். அந்தத் தோட்டத்தில் அவர்களைத் தவிர வேறு கிறிஸ்தவர்கள் இல்லை. கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. குழந்தைக்குப் பல் முளைத்தும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

"இன்னைக்குக் காலையிலகூட அழுதேன் சாமி. எம்புள்ள தலையில தண்ணி ஊத்த யாரையாச்சும் அனுப்பு ஆண்டவரேன்னு" என்றாள்.

சாமியார் உடனே பெட்டியைத் திறந்தார். பிறகு செபஸ்தியனைப் பார்த்தார். "ஞானத்தகப்பன் வேண்டுமே. நீ வா."

செபஸ்தியன் பின்வாங்கினான். "நான் ஆகாதுங்க சாமி. வாயில இன்னும் கள்ளு நாத்தம் போகல."

"கழுவிக்கொண்டு வா."

"என் குடியாலதானே சாமி வழி தப்பிப்போச்சு?"

"குடித்தது உன் வேலை" என்று சிரித்தார் சாமியார். "அதையும் மீறி இந்த வாசலில் கொண்டுவந்து சேர்த்தது அவர் வேலை."

தொட்டித் தண்ணீரில் மூன்று தரம் வாய் கொப்பளித்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் குழந்தையைக் கேட்டார். குழந்தைக்காகப் பதில் சொல்ல வேண்டியவன் ஞானத்தகப்பனான செபஸ்தியன். யாரைக் கேட்கிறார் என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை.

"விட்டுவிடுகிறேன்" என்றான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவனுக்கு. தலையில் தண்ணீர் ஊற்றி, செபஸ்தியம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

லூயிஸ் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. வழியெல்லாம் ஆரோக்கியம் பாட்டுப் பாடினாள். தோட்டத்தை அடைந்தபோது உச்சிப் பொழுது. கோயில் வாசலில் சூசை உபதேசியார் கொதித்துக்கொண்டு நின்றார்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான். "குடிச்சிட்டுத் தூங்கிட்டேங்க."

உபதேசியார் கை ஓங்கியபோதே, ஆரோக்கியம் குழந்தையோடு வண்டியைவிட்டு இறங்கினாள். விஷயத்தைக் கேட்டவருக்கு ஓங்கிய கை தானாகவே சிலுவை போட்டது.

"சரி சரி, எல்லாரும் உள்ள வாங்க. பூசை முடியாம வாயில எதுவும் வைக்க முடியாது, பசி உயிர் போகுது!"

எப்போதும் வாசற்படியோடு நின்றுவிடும் செபஸ்தியன், அன்று குழந்தையை ஏந்தியபடி முன்வரிசையில் நின்றான். பூசை மணி அடித்தபோது குழந்தை சத்தமாகச் சிரித்தது. யாரும் அதட்டவில்லை.

அதன்பின் அவன் கள்ளை ஒரேயடியாக விட்டானா என்றால், இல்லை. தடுக்கி விழுந்ததும் உண்டு. ஆனால் ஞாயிறுதோறும் ஜெபத்துக்கு லூயிஸ் குடும்பத்தை ஏற்றிவர விடியுமுன் கிளம்ப வேண்டும். அதனால் சனிக்கிழமைக் கள்ளு நின்றது. அப்புறம் வெள்ளிக்கிழமைக் கள்ளும் குறைந்தது. வண்டியில் இப்போது அவன் பாடுகிறான், கொஞ்சம் சுதி விலகித்தான். ஞானமகள் அதற்கும் கை தட்டுகிறாள்.