பாதிக் குளிசை

"கதவை மூட வேண்டாம்" என்று அந்த மிஸ் சிங்களத்தில் சொன்னதும் தங்கச்சி நிஷ்மியா பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் பிளாஸ்டிக் கோப்பை. ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர்கள் சொல்லாமல்தான் வருவார்களாம். எங்கள் ஒழுங்கைக்குள் வேன் நுழையாததால் இருவரும் நடந்து வந்திருந்தார்கள். ஆண் பெட்டியோடு முன்னறையில். பெண் இவள் பின்னால். சிறுநீர் உடம்பிலிருந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். நிஷ்மியா உடுப்பு மாற்றும்போது அக்காவான என்னையே சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்கிறவள். எண்ணூறு மீட்டரில் தேசிய அணிக்கு எடுபட்டு, வெளிநாட்டுப் போட்டிக்காகப் புதுப் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறவள்.

"ராத்தா, எனக்கு ஏலாது. அவ பாத்துக்கொண்டு ஈக்கிறா."

"ஏலாதுண்டா டெஸ்ட் குடுக்க மறுத்தெண்டு எழுதிருவாங்க. பொறகு ஊட்டுல இடியப்பம் புழிஞ்சிக்கொண்டு ஈ."

அழுகையோடு சிரித்தாள். கோப்பை வெறுமையாகவே முன்னறைக்குத் திரும்பியது.

உம்மாவுக்கு அவர்கள் விருந்தாளிகள். ரோல்ஸ் பொரித்து, பிளேன்டீ ஊற்றி, "சாப்பிடச் செல்லு மகள்" என்று என்னை நச்சரித்தார். கிளாஸுக்கு மேல் கிளாஸாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள் தங்கச்சி. மிஸ் பேனாவைத் திறந்து, இந்த ஒரு வாரத்தில் மருந்து ஏதாவது எடுத்தாளா என்று கேட்டார். நிஷ்மியா இல்லையென்று தலையாட்டினாள். மருந்துக்கான சிங்களச் சொல் உம்மாவுக்குத் தெரியும்.

"மருந்தா கேக்கிறா? நேத்து நான் குடுத்தேனே! கொழும்புல ஈந்து பஸ்ஸுல நிண்டு வந்து புள்ளக்கி காலெல்லாம் வீங்கி. என்ட தண்ணிக் குளிசைல பாதிய ஒடச்சுக் குடுத்தேன். அப்பிடியெண்டா இண்டைக்கு நல்லாப் போகணுமே, ஏன் போகுதில்ல?"

தண்ணிக் குளிசை என்றால் வீக்கம் வற்ற உடம்பின் நீரைச் சிறுநீராக இறக்குவது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து மற்ற ஊக்கமருந்துகளைக் கழுவி மறைத்துவிடும். அதனால் அதற்கும் தடை. தேசிய அணியின் பயிற்சி முகாமில் இதற்கென்றே வகுப்பு வைத்தார்கள். திரையில் ஆங்கிலம், வாயில் சிங்களம். தமிழில் படித்தவள் வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வந்தாள். ஊசியும் பவுடரும் கூடாதென்பது புரிந்தது. உம்மாவின் பிரஷர் கிளினிக் குளிசையும் கூடாதென்று அவளுக்குப் புரிகிற மொழியில் எவன் சொன்னான்? எங்கள் வீட்டில் குளிசைக்குச் சொந்தக்காரர் கிடையாது. வாப்பாவின் காஸ்ட்ரிக் குளிசையை விழுங்கித்தான் நான் கம்பஸ் பரீட்சைகளையே எழுதினேன். உம்மா கையால் நீட்டினால் பிஸ்மி சொல்லி வாயைத் திறப்பதுதான் பழக்கம்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"டீக்குச் சீனி போதுமான்னு கேக்கிறாங்க" என்றேன், நல்ல சுத்தமான சிங்களத்தில். இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பட்டம் இதற்காவது உதவட்டும்.

நிஷ்மியா என்னைப் பார்த்தாள். எழுந்துபோய், பிரிட்ஜுக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, உம்மாவின் குளிசை அட்டையைக் கொண்டுவந்து மிஸ்ஸின் முன்னால் வைத்தாள். "பாதி குடிச்சேன். நேத்து" என்றாள், தடுக்கித் தடுக்கிய சிங்களத்தில்.

"பைத்தியமாடி ஒனக்கு?"

"எப்பிடியும் டெஸ்ட்டுல தெரியும் ராத்தா. அப்ப ஒளிச்செண்டு செல்லுவாங்க. ஒளிக்கிற மாதிரி நான் ஒண்டும் செய்யல்லயே."

மிஸ் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரை வாசித்தார். முகம் மாறியது. எழுதினார். "சொன்னது நல்லது" என்றார் மெதுவாக. "ஆனா என்ன முடிவு வரும்னு என்னால சொல்ல முடியாது." அவர்மேல் கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை.

இந்தமுறை நிஷ்மியா கதவைத் திறந்தே வைத்தாள். "நீயும் வா. ஆனா அங்கால திரும்பு" என்றாள். பாசிபிடித்த சுவரைப் பார்த்து நின்றேன். கோப்பையில் சத்தம் விழுந்தபோது என் கண்ணும் நிறைந்தது. இரண்டு போத்தல்களில் ஊற்றி, மூடியை இறுக்கிக்கொண்டு போனார்கள்.

"ஒரு ரோல்ஸ் கூடத் தொடல்லயே அந்த மனிசன்" என்று உம்மா குறைப்பட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். "என்ன ரெண்டு பேரும் இப்பிடி ஈக்கிற? நான் ஏதும் செல்லக் கூடாதத சென்னேனா?"

நான் வாயைத் திறந்தேன். நிஷ்மியா என் கையைக் கிள்ளினாள்.

"ஒண்டுமில்ல உம்மா. கால நீட்டுங்க."

நேற்று உம்மா குடித்ததும் மீதிப் பாதிதான். பாதங்கள் ஊதி, செருப்பு வார் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. நிஷ்மியா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினாள்.

"கூசுதுடி, உடு" என்று உம்மா சிரித்தார்.

விரலை எடுத்தாள். அங்கே ஒரு குழி. அது மேலே எழும்பிவரும்வரை, காலை மடியிலிருந்து இறக்காமல், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.