ஜெனரேட்டர் ஓடிய காலை

குவாலியா தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தி, ஜெனரேட்டரின் ஸ்பார்க் பிளக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். உப்புக் காற்றுக்கு எந்த இரும்பும் ஒரு வாரம் தாங்காது. அதனால் திங்கட்கிழமை என்றால் அவனுக்கு பிளக் துடைக்கும் நாள். தீவின் இந்தக் கரையில் பதினான்கு ஊருக்கு ஒரே கான்ஸ்டபிள் அவன். கால்சட்டை முழங்காலில் மசி அப்பியிருந்தது.

சண்டைக் காலத்தில் இந்தக் காவல் சாவடியைக் கொளுத்திவிட்டார்கள். எரிந்து மிஞ்சிய தரையில் பன்றி படுத்துக் கிடந்ததைக் குவாலியா கண்ணால் பார்த்தவன். பிறகு வெளிநாட்டுக்காரர்களின் உதவித் திட்டம் வந்தது. தகரக் கூரை வந்தது, படகு வந்தது, இந்த ஜெனரேட்டர் வந்தது. மாதம் ஒரு டிரம் பெட்ரோல். அதோடு ஒரு வருடத்துக்கு டோங்காவிலிருந்து சார்ஜென்ட் லெசியேலி. ஞாயிறு தோறும் தேவாலயத்தில் குவாலியா அந்தத் திட்டத்துக்காகத் தனியாக ஒரு ஜெபம் சொல்வான். அதில் வேஷம் கிடையாது.

"அண்ணே."

குரல் ஈரப்பலா மரத்தடியிலிருந்து வந்தது. குவாலியா தலையைத் திருப்பவில்லை. மெர்சலின், அவன் சித்தப்பா மகள். இந்தக் கரையில் சித்தப்பா மகள் என்றால் கூடப்பிறந்த தங்கைதான். வயதுக்கு வந்த தங்கையின் முகத்தை அண்ணன் நிமிர்ந்து பார்க்கமாட்டான்.

"விழுந்துட்டேன்" என்றாள் மெர்சலின், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து.

"எங்க?"

"ஆத்தங்கரையில. பாசி."

அவன் உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து எழுதினான். லெசியேலி பின்னால் வந்து நின்றாள். ஆறடி உயரம். அவள் நடந்தால் பலகைத் தரை முனகும். பதிவேட்டில் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினாள்.

"அஞ்சு மாசத்துல மூணு தரம் விழுந்திருக்கா. இந்த ஊர்ல அவளுக்கு மட்டும் தனியாத் தரை போட்டிருக்கீங்களா?"

குவாலியா பேனாவை மூடினான்.

"அவ மூஞ்சியப் பாத்தியா நீ?"

"தங்கச்சி, சார்ஜென்ட்டம்மா. எப்படிப் பாக்குறது?"

லெசியேலி வெளியே போனாள். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஒரு கண்ணு முழுசா மூடியிருக்கு. மணிக்கட்டு ஒடஞ்சிருக்கு. கொப்பரை வெட்டிப் பொழைக்கிற கை அது. விடிய முன்னாடி கெளம்பி நாலு மணி நேரம் நடந்து வந்திருக்கா. எதுக்குத் தெரியுமா? யாராவது எழுதி வைக்கணுமாம். விழுந்தேன்னாவது எழுதி வைக்கணுமாம்."

குவாலியா பதிவேட்டைப் பார்த்தான். மூன்று தடவையும் அழகான கையெழுத்தில் அவன்தான் எழுதியிருக்கிறான்.

மெர்சலின் புருஷன் டிக்சன், மலைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டும் முகாமில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வரும் சனிக்கிழமை அவளையும் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போகப் போகிறான். அங்கே சாவடியும் இல்லை, சொந்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை நீதிமன்றக் கப்பல் வருகிறது. நீதிபதியோடு நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் வாக்குமூலம் தயாராக இருந்தால் டிக்சன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம்.

"எழுதிருவோம். ஆனா உள்ளூர் போலீஸ் ஒருத்தர் கூட இருந்து கையெழுத்துப் போடணும்னு விதிக் காகிதத்துல இருக்கு. இல்லாட்டி செல்லாது" என்றாள் லெசியேலி. "அடுத்த போலீஸ் எங்க இருக்கான்?"

"படகுல ரெண்டு நாள். வெள்ளிக்குள்ள ஆகாது."

"அப்ப நீதான்."

"என் காதுபட அவ சொல்லமாட்டா. சொல்லவும் கூடாது." குவாலியா சுவரைப் பார்த்துப் பேசினான். "காதுல விழுந்துட்டா நான் சும்மா இருக்க முடியாது. அவன் சொந்தக்காரங்ககிட்டப் போயி ஈடு கேக்கணும். அவங்க சிப்பி மாலையக் கொண்டாந்து என் கையில போடுவாங்க. போட்டா வழக்கு முடிஞ்சுது. அவ திரும்பி அவன் வீட்டுக்குப் போயித்தான் ஆகணும். அதுக்குப் பயந்துதான் விழுந்தேன் விழுந்தேன்னு சொல்றா."

லெசியேலி சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. "எங்க ஊர்லயும் இதே கூத்துதான். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா எங்கண்ணன் ரேடியோவ அணைச்சிருவான். பாட்டுல ஏதாச்சும் கூடாத வார்த்தை வந்துருமோன்னு பயம். இந்தக் காகிதத்த எழுதினவனுக்குத் தங்கச்சியே இல்லபோல."

வெளியே மெர்சலின் இருமினாள். குவாலியா மேசைமேல் கிடந்த பல் பிரஷ்ஷைப் பார்த்தான்.

"சார்ஜென்ட்டம்மா, காகிதத்துல கூட இருக்கணும்னுதான இருக்கு? காதுல விழணும்னு இருக்கா?"

அவள் எடுத்து இரண்டு தரம் படித்தாள். "இல்ல" என்றாள். மூன்றாம் தரம் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

பிளக்கைப் பூட்டி, ஜெனரேட்டரை இருவருமாகத் தூக்கிவந்து வாசற்படி ஓரம் வைத்தார்கள். குவாலியா உட்புறத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துப் படியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. மெர்சலின் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். இரைச்சலில் பல் அதிர்ந்தது. பாக்கை வாயில் போட்டு, சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தான்.

மலைக்கு மேலே வந்த வெயில் பின் ஜன்னல் வழியே நுழைந்து வாசல் வழியே வெளியேறி அவன் முன்னால் மணலில் விழுந்தது. அதில் ஒரு பெண்ணின் நிழல். நிழல் கையை ஓங்கியது, இறக்கியது. மறுபடி ஓங்கியது. அவள் எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். குவாலியா கண்ணை இறுக மூடிக்கொண்டான். நடுவில் எஞ்சின் திக்கியபோது, கண்ணைத் திறக்காமலே தடவிப்போய் பெட்ரோல் ஊற்றினான்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. லெசியேலி தோளைத் தொட்டபோது உள்ளே போய், மெர்சலின் இடது கையால் கோணலாகப் போட்ட கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை படகுத்துறையில் டிக்சனின் அண்ணன்மார் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கையில் சிவப்புச் சிப்பி மாலை, பத்துச் சரம், நல்ல மாலை.

"மச்சான், ஊருக்குள்ளயே முடிச்சுக்குவோம். கப்பல்காரங்களுக்கு என்ன தெரியும்? கைய நீட்டு."

"எதுக்கு மச்சான்?"

"எதுக்கா? ஒந்தங்கச்சி சொன்னதுக்குத்தான்."

"என் காதுல ஒண்ணும் விழலியே. விழாத வார்த்தைக்கு நான் எப்படி மாலை வாங்குறது?" குவாலியா சாவடிப் படியோரம் இருந்த ஜெனரேட்டர் பக்கம் கையைக் காட்டினான். "சத்தம். அதான் கேட்டிருப்பீங்களே, மூணு ஊருக்குக் கேட்டுது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையைச் சுருட்டிப் பைக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கப்பலின் மேல்தட்டில், தார்ப்பாய்க்குக் கீழே நீதிபதி வாக்குமூலத்தைப் படித்தார். இரண்டு வருடத்துக்கு உத்தரவு. மெர்சலினும் பிள்ளைகளும் அவள் அம்மா ஊரில் இருக்கலாம். டிக்சன் அங்கே கால் வைத்தால் கைது.

அடுத்த திங்கட்கிழமை மெர்சலின் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கும், இலையில் சுட்ட மரவள்ளி அடையும் கொண்டுவந்து லெசியேலி காலடியில் வைத்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லாட்டி நான் முகாம்லயே செத்திருப்பேன்" என்றாள். லெசியேலியும் அழுதாள். வாசற்படியில் ஒரு குலைப் பாக்கு இருந்தது. யார் வைத்தது என்று குவாலியா கேட்கவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பாக்கைக் கடித்து வாயில் போட்டுக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது.

மழைக்காலத்தில் திட்டம் முடிந்தது. பன்றி அறுத்தார்கள், பூமாலை போட்டார்கள். தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர் உரையாற்றினார். பதினான்கு ஊரும் கைதட்டியது, மனசாரத்தான் தட்டியது. லெசியேலி படகில் ஏறும்போது ஒரு புதுப் பல் பிரஷ்ஷைக் குவாலியா கையில் திணித்தாள். "பிளக்குக்கு. பல்லுக்கு இல்ல." அவளுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பெட்ரோல் டிரம்மும் வரவில்லை. அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை குவாலியா பிளக்கைத் துடைத்துப் பூட்டும்போது மரத்தடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி மெர்சலின். இன்னொருத்தி அவன் பெரியம்மா மகள் அலிசன், துண்டை இழுத்து ஒரு பக்க முகத்தை மூடியிருந்தாள். அவளும் தங்கைதான்.

"அண்ணே, சார்ஜென்ட்டம்மா இல்லேன்னா நான் உள்ள உக்காந்து எழுதிக்கிறேன்" என்றாள் மெர்சலின். "எனக்கு எழுத வரும். நீங்க மெஷினப் போடுங்க."

அவள் எழுதினால் செல்லுமா என்று அவனுக்குத் தெரியாது. டிரம்மைச் சாய்த்தான். துருதான் உருண்டது. ஆனாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஒருமுறை, இரண்டு முறை, உள்ளங்கை சிவக்கும்வரை இழுத்தான். மெர்சலின் அலிசனின் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

அலையில்லாத காலை. மரத்தடியில் யார் மூச்சுவிட்டாலும் படிவரை கேட்டது.

"விழுந்துட்டேண்ணே" என்றாள் அலிசன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து.

குவாலியா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தான்.