விஜியின் கிட்டாருக்கு மில் செட்டிங்

விஜி வாங்கியது பழைய எலெக்ட்ரிக் கிட்டார். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், வாசிக்க உட்கார்ந்தால் தெரியும் சங்கதி. கம்பிகள் கழுத்துப் பலகையை விட்டு அத்தனை உயரத்தில் நின்றன. நாலைந்து பாட்டுக்குள் விரல் நுனி எரிந்து, அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்க முடியாமல் போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வாசிக்கும் இன்னிசைக் குழுவை நடத்தும் ஹுமாயூன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கமான மனுஷர்தான், ஆனால் மேடையில் தப்பு விழுந்தால் தாட்சண்யம் பார்க்கமாட்டார்.

“ஞாயித்துக்கிழமை கல்யாண ரிசப்ஷன். அதுலயும் தடுமாறுனா, பொறவு கிட்டார் சத்தத்தையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கிடுவோம்மா. தப்பா நெனைக்காத,” என்றார்.

அந்தக் குழுவில் நிற்பதற்காக விஜி வீட்டிலும் தெருவிலும் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி அவளை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்பதை நினைக்கவே அவமானமாக இருந்தது.

வீடு ராஜபாளையத்தில். புருஷன் சதீஷ் நூல் மில்லில் கார்டிங் ஃபிட்டர். பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினில் முள் உருளைக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே இடைவெளி வைப்பது அவன் வேலை. ஒன்றையொன்று தொடக்கூடாது; தொடாமல் எத்தனை நெருக்கமாக வைக்கிறானோ அத்தனை கெட்டிக்காரன். அதில் அவனை அடிக்க மில்லில் ஆள் கிடையாது. அந்தப் பெருமையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவான் என்பதுதான் தொல்லை.

“கீழ கம்பியெல்லாம் ஏறி நிக்கிற பிரிட்ஜுல ஒவ்வொரு கம்பிக்கும் குட்டி ஸ்க்ரூ இருக்குல்ல? அதை எறக்குனா கம்பி எறங்கிட்டுப் போகுது. இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

கிட்டாரைக் கட்டிலில் கிடத்தினான். மில் பையிலிருந்து இடைவெளி அளக்கும் கேஜை எடுத்து விசிறி போல விரித்து, அதிலேயே மெல்லிய தகட்டைப் பிடித்தான்.

“நான் ஒருக்க வாசிச்சுக் காட்டட்டுமா?” என்றாள் விஜி.

“செத்த நேரம் சும்மா இரு. கேஜ் இருக்கும்போது வாசிப்பு எதுக்கு?”

ஆலன் கீயால் திருகித் திருகி, கம்பிக்குக் கீழே தகடு உரசியும் உரசாமலும் நுழையும் அளவுக்கு இறக்கினான். எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவு. நகத்தால் லேசாகத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். விஜி விரலை வைத்தாள். வெண்ணெய் மாதிரி அமுங்கியது. சந்தோஷத்தில் ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றாமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஒத்திகையில் முதல் அடியிலேயே மானம் போனது. கம்பிகள் துடித்துக் கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த மெட்டுகளில் மோத, ஸ்பீக்கர் முழுக்க ஜர்ரென்று தகரச் சத்தம். இழுத்து நிறுத்த வேண்டிய ஸ்வரம் பிறந்த இடத்திலேயே செத்தது.

“என்னம்மா, பாத்திரக்கடை வச்சிருக்கியா?” என்றார் ஹுமாயூன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நாளைக் காலையில ஒருக்க பாப்போம். இல்லேன்னா அஃப்சல் கீபோர்டுல பாத்துக்கிடுவான்.”

வீட்டில் சதீஷ் ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, கிட்டாரை அவன் முன்னால் வைத்தாள். அவன் மறுபடியும் தகட்டை விட்டுப் பார்த்தான்.

“அளவு சரியாத்தான இருக்கு. கேஜ் பொய் சொல்லாது.”

“கேஜ் கெடக்கட்டும். கல்யாணமான நாள்லருந்து நான் வாசிச்சு ஒரு பாட்டு முழுசாக் கேட்டிருக்கீங்களா?”

அவன் கேட்டதில்லை. கச்சேரி உள்ள நாளெல்லாம் அவனுக்கு ஷிப்ட். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் தூக்கம்.

“இப்பக் கேளுங்க,” என்று, ஆத்திரமெல்லாம் கையில் இறங்க, மேடையில் அடிப்பது போலவே அடித்தாள். சதீஷ் குனிந்து பார்த்தான். தடித்த கம்பி அப்படியும் இப்படியும் ஆடியது.

“இம்புட்டு ஓங்கியா அடிப்ப?” என்றான். பிறகு, “மெஷின்ல உருளை சுத்தும், இப்படி ஆடாது. நான் சும்மா நிக்கிற கம்பிக்குல்ல அளவு வச்சுட்டேன்,” என்று கேஜை மடக்கிப் பைக்குள் போட்டான். “நீ அடி. கேட்டுக்கிட்டே ஏத்துதேன்.”

அவள் அடிக்க அடிக்க, அவன் காதைச் சாய்த்து ஸ்க்ரூவைத் திருப்பினான். தடித்த கம்பிகளுக்குக் கூடுதலாக, மெல்லிய கம்பிகளுக்குக் குறைவாக. டீ ஆறிப்போனது. சத்தம் தெளிந்தபின்னும், “இன்னொருக்க அடி,” என்றான். அப்போது ஆலன் கீ அவன் கையில் இல்லை, தரையில் கிடந்தது.

மறுநாள் ஹுமாயூன் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “அஃப்சலு, நீ ஒன் வேலையைப் பாருலே,” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

ஞாயிற்றுக்கிழமை சதீஷ் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தான். முதல் பாட்டு முடிந்ததும் மண்டபம் கைதட்டியது. அவன் மட்டும் தட்டவில்லை. இரண்டு விரலைக் காட்டி, கட்டைவிரலை லேசாக மேலே தூக்கினான். இரண்டாவது கம்பி இன்னும் கொஞ்சம் ஏற வேண்டுமாம்.

விஜிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஊரே கைதட்டும்போது இந்த மனுஷனுக்குக் குறைதானா தெரியும்? அடுத்த பாட்டில் வேண்டுமென்றே அந்தக் கம்பியை ஓங்கி அடித்தாள். உரசத்தான் செய்தது, தூசி விழுந்த மாதிரி லேசாக. ஹுமாயூன் திரும்பவில்லை. அஃப்சல் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது காதில் விழுந்தது அவளுக்கும் முன் வரிசையில் இருந்தவனுக்கும் மட்டும்தான். அந்தச் சந்தோஷத்தில் விஜிக்குத் தாளம் தப்பப் பார்த்தது.