ஏழு வருடம் வெடித்த கடுகு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் வீட்டு வாணலியில் விழுந்த ஒரு கரண்டிக் கடுகு ஏழு வருடம் வெடித்தது. விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அன்றைக்கு அவர் மனைவி வீட்டை விட்டுப் போவதாக இருந்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது. அவளுடைய அண்ணன், குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர், வாசலில் வேனை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடியில் கணவர் முதன்முறையாக மனைவியிடம் ஒரு யோசனை சொன்னார்.

"வெறும் வயித்தோட போகாதே. நான் ஏதாவது பண்றேன். சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு எழுத்து மங்கினாலும் விடமாட்டாள், சொன்ன சொல்லையும் விடமாட்டாள். "சரி, சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்" என்று பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

அவர் பீன்ஸை நறுக்கினார். ஒன்று நகத்தளவு, ஒன்று விரலளவு. எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று திரும்பிப் பார்த்தார். "கடுகு வெடிச்சு அடங்கட்டும். அப்புறம் பருப்பு, மிளகாய், அதுக்கப்புறம் காய்" என்றாள். கடுகு அடங்கவில்லை. மதியம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. ஒவ்வொரு கடுகு மணியும் கூரைவரை எழும்பி, அங்கே ஒரு தட்டுத் தட்டி, வாணலிக்கே திரும்பியது. வெளியே ஒன்றும் சிதறவில்லை. அடுப்பை அணைத்தார்கள், நிற்கவில்லை. மூடி போட்டால் மூடி பள்ளிக்கூட மணி மாதிரி அடித்தது. எரிவாயு அலுவலகத்திலிருந்து வந்தவர் சிலிண்டரையே கழற்றித் தூக்கிக்கொண்டு போனார். கடுகு அதைக் கண்டுகொள்ளவில்லை. நறுக்கிய பீன்ஸ் தட்டில் அன்று பறித்ததுபோலவே இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, எல்லார் கவனமும் கடுகின்மேல் இருந்ததால்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. இருவரும் ரொட்டி தின்றார்கள். ரொட்டி சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காலையில் பெட்டியைத் திறந்து ஒரு சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள், திரும்பி வந்து துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். கீழே அண்ணனின் வேன் எண்ணெய் தீர்ந்து ஓய்ந்தது. அவர் கொஞ்ச நாள் வேனிலேயே படுத்தார், பிறகு தரைத்தளத்தில் ஒரு அறை எடுத்தார், பிறகு எதிர் மருந்துக்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் பிறந்தன. நின்ற வேனில் ஏறி ஊர் ஊராய்ப் போவதுபோல் விளையாடின. நான்காவது மாடிக்காரருக்குத் தரைவழியே வந்த அதிர்வில் முழங்கால் வலி போயிற்று. அவர் மட்டும் கடுகு நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

கணவருக்கு வீட்டில் பேசும் வழக்கமே இருந்ததில்லை. அவள் கிளம்பியதற்குக் காரணமும் அதுதான். பகலெல்லாம் காரில் "கிளட்ச், கிளட்ச், பிரேக்!" என்று தொண்டை வற்றக் கத்துகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைப் பூட்டிவிடுவார். சுவரோடு குடித்தனம் நடத்தினாலும் எதிரொலியாவது வரும் என்று அவள் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். இப்போது பக்கத்தில் கடுகு வெடித்துக்கொண்டிருக்க, சும்மா இருப்பதும் சங்கடமாயிற்று. ஒருநாள் "தண்ணி வேணுமா?" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் காதில் விழும். நான்கு மாடியிலிருந்தும் "வேண்டாம்" என்று பதில் வந்தது. அவள் மட்டும் வேண்டும் என்றாள்.

அதன்பின் அவர்களுடைய பேச்செல்லாம் கட்டடத்துக்கே பொதுவாயிற்று. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் கேட்டாள்: "யார் யாரோடயோ நாள் முழுக்கப் பேசறீங்க. என்கிட்ட மட்டும் ஏன் பேசலை?"

"கார்ல பேசலைன்னா உயிர் போயிடும். வீட்டுல உயிருக்கு என்ன ஆபத்து? பேச வேண்டிய தேவை இல்லைன்னு நெனச்சிட்டேன்!"

"எனக்குப் போச்சே! அது தெரியலையா உங்களுக்கு?"

நான்கு மாடியும் மூச்சுவிடாமல் இருந்தது. மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அவர், அன்று பாடம் படிக்க வந்த ஒரு பல் மருத்துவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் அழுததைக் கத்திக் கத்திச் சொன்னார். அவள் சிரித்தது இரண்டாவது மாடிவரை கேட்டது.

ஏழாம் வருடம் அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மேலே வந்து, "வரியா, இல்லையாம்மா? இன்னிக்கு ஒரு முடிவு சொல்லு" என்றார். "சாப்பிடாம எப்படிண்ணா வர்றது?" என்றாள். பெட்டிப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. அது எதனால் என்று கணவருக்குப் புரியவில்லை. தன் கடுகு அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அடுப்பருகே போய் நின்றார்.

"இது அடங்காது. உன்னை நிறுத்திவைக்கிறது நியாயமில்லை. காயைப் போட்டுடறேன்."

"வெடிக்கறப்பவே போட்டா நல்லா வராது!" என்று அவள் எழுந்தாள். அதற்குள் போட்டுவிட்டார். பருப்பு, மிளகாய் எல்லாம் மறந்து, பீன்ஸ் மொத்தமும் விழுந்தது. சிலிண்டர் இல்லாத அடுப்பின்மேல் அது புஸ்ஸென்று ஆவி விட்டு வதங்கியது. மஞ்சள் கொஞ்சம், மிளகாய்ப்பொடி கொஞ்சம், உப்பு நிறைய. கடுகு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் நான்காவது மாடிக்காரர் "ஐயோ" என்றது தெளிவாகக் கேட்டது.

அவள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். "உப்புக் கரிக்குது" என்றாள். கை கழுவினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள், சொன்ன சொல் மாறாதவள் ஆயிற்றே. எண்ணெய் ஊற்றியதும் மறுபடி ஓட ஆரம்பித்த வேன் தெருமுனை திரும்பியதை அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு வாணலியைத் தேய்க்க உட்கார்ந்தார். அழுதார் என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். இப்போது கட்டடத்தில் சத்தமில்லாததால் எல்லாம் கேட்டதாம்.

இருட்டுமுன் அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறுகையில் ஒரு முட்டைக்கோஸ்.

"போயிட்டேன்னு நெனச்சேன்" என்றார், மெதுவாக.

"கிளம்பறேன்னுதான் சொன்னேன். கிளம்பிட்டேன். திரும்பி வரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? கோஸை நறுக்குங்க. பொடியா, ஒரே அளவா."

எரிவாயுக்காரர் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். எண்ணெய் காய்ந்தது, கடுகு விழுந்து துள்ளியது, சத்தம் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் கடுகு ஊமையாகத்தான் வெடிக்கிறது. அடங்கிவிட்டதா என்பதை ஒருவர் எட்டிப்பார்த்து மற்றவருக்குச் சொல்லவேண்டும். ஏழு வருடம் கத்திய கடுகுக்கும் எவ்வளவுதான் தொண்டை இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.