வீட்டில் நூற்றிருபது, ஆஸ்பத்திரியில் நூற்றெழுபது

ஏணிக்காரருக்கு வயது ஐம்பத்துநாலு. திரைச்சீலை மாட்டுவது தொழில். மனைவி வீட்டில் தைத்துக் கொடுப்பார். இவர் அலுமினிய ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு கண்டவர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் போவார். சொந்தப் பெயரைச் சொல்லிப் போன் செய்தால் வாடிக்கையாளர்கள் "யாரு?" என்பார்கள். "ஏணிக்காரன் பேசறேன்" என்றால்தான், "ஓ, நீங்களா!"

மூக்குக்கண்ணாடி மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் தற்செயலாகத்தான் பிரஷர் பிடிபட்டது. ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் பிரஷர்காரர்களுக்கென்று தனி அறை. டாக்டர் வாரத்தில் ஒருநாள் தலைகாட்டுவார். மற்ற நாளெல்லாம் அங்கே ராஜ்ஜியம் ஒரு நர்ஸினுடையது. நாற்பது வயதிருக்கும். கைக்குப் பட்டை கட்டுவது, டாக்டர் எழுதி வைத்த அட்டவணைப்படி மாத்திரையை ஏற்றுவது இறக்குவது, போன் செய்து விசாரிப்பது, திட்டுவது, எல்லாம் அவர்தான். முதல் நாள் அளந்தபோது ஏணிக்காரருக்கு மேல் எண் நூற்று எழுபத்திரண்டு. ஒரு மாத்திரை எழுதி, வீட்டுக்கு ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து, போனில் ஆப்பையும் ஏற்றிவிட்டார்.

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அளந்து இதுல போட்டுடுங்கண்ணா. அந்த நிமிஷமே என் ஸ்கிரீன்ல வந்துடும். பச்சையா இருந்தா உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். சிவப்பானா நானே கூப்பிடுவேன்."

அன்று சாயங்காலமே தையல் மேஜையின் மூலையில் உட்கார்ந்து அளந்தார். நூற்று இருபத்தாறு. மறுநாள் நூற்று இருபத்திரண்டு. மாதம் முழுக்க பச்சையோ பச்சை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர்களிடமெல்லாம், "ஒரே மாத்திரை, ஆள் அவுட்" என்று பிரஷரைப் பற்றிப் பேசித் திரிந்தார்.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் பட்டையைக் கட்டினார். நூற்றெழுபது.

"என்னண்ணா இது?" என்று நர்ஸ் ஸ்கிரீனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார். நூற்று அறுபத்தெட்டு.

"வீட்டு மெஷின் கோளாறா இருக்கும். நாளைக்கு அதை எடுத்துட்டு வாங்க."

மறுநாள் எடுத்துப் போனார். அதே நாற்காலி, அதே கை, வீட்டு மெஷின். அதுவும் நூற்றெழுபது என்றது. மெஷின் மேல் பழி போட வழியில்லை. கீழே இறங்கி வந்தவருக்குக் கேட்டைத் தாண்ட மனம் வரவில்லை. வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போவோர் வருவோர் வேடிக்கை பார்க்க, பட்டையைக் கட்டி பட்டனை அமுக்கினார். நூற்று இருபத்துநாலு.

விறுவிறுவென்று மேலே ஓடினார். "சிஸ்டர், கீழே வாசல் பெஞ்சுல நூத்தி இருபத்திநாலு! உங்க கட்டடத்துலதான் ஏதோ இருக்கு!"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சில பேருக்கு எங்களைப் பார்த்தாலே ஏறும்ணா. மனசுக்குள்ள ஒரு பயம்."

"பயமா? சிஸ்டர், நான் பதினாலாவது மாடி ஜன்னல் ஓரமா ஏணி போட்டு நிக்கிறவன். உங்களைப் பார்த்தா பயப்படப் போறேன்?"

"பயம்னு தெரியாமலே வர்ற பயம்" என்றார் நர்ஸ். தனக்கே தெரியாமல் தனக்குள் ஒரு பயந்தாங்கொள்ளி குடியிருக்கிறான் என்றால், வேறு எவனெவன் இருக்கிறானோ என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் வேறு மாதிரி கச்சேரி.

"உண்மையைச் சொல்லுங்க" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "வாய்க்கு வந்த நம்பரைப் போட்டுட்டு வர்றீங்களா?"

"அடிப்பாவி! நீயே பாரு." எதிரிலேயே அளந்தார். நூற்று இருபத்தொன்று. மனைவி மெஷினைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், தன் கையில் கட்டியும் பார்த்தார். நூற்றுப் பத்து.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஏதாவது பண்றீங்க. சிகரெட்டா?"

"விட்டு எட்டு வருஷமாச்சு!"

"அப்படியா?" என்றார் மனைவி. அந்த ஒற்றை வார்த்தையில் எட்டு வருஷமும் ஆட்டம் கண்டது.

இதற்கு நடுவில் தலைசுற்றல் ஆரம்பித்தது. ஏணியின் உச்சியில் நின்று வேலை செய்யும்போது சுவரும் ஜன்னலும் ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருக்கும். ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். சற்று நேரத்தில் சரியாகிவிடும். நர்ஸுக்குப் போன் செய்தார்.

"வீட்டு நம்பர் நூத்திப் பதினெட்டு வரைக்கும் இறங்கியிருக்கே அண்ணா. மாத்திரை அதிகமாயிடுச்சு போல. டாக்டரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றார் நர்ஸ். டாக்டரும் வீட்டுக் கணக்கைத்தான் நம்பினார். மாத்திரை பாதியாயிற்று.

பாதியானபின் தலைவலி சேர்ந்துகொண்டது. காலையில் எழும்போதே பின்மண்டையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். தலைசுற்றலோ போகவில்லை. மாத்திரை அதிகமானதால் சுற்றியது என்றார்கள், குறைத்தும் சுற்றுகிறதே? பிரஷர் கூடினால் தலை வலிக்கும் என்றார்கள். மெஷின் நூற்று முப்பது என்கிறதே? அவருக்குத் தன் உடம்பின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. வாடகைக்கு இருக்கும் வீட்டில் வேறு யாரோ நடமாடுவதுபோல.

ஒருநாள் புதுக் குடித்தனக்காரர் வீட்டில் அகலமான ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஸ்க்ரூ பாதி இறங்கியபோது கண் இருட்டியது. கம்பி கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் விழவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. அந்த வீட்டம்மா ஓடிவந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஏணிக்காரர் அங்கிருந்தே நர்ஸுக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், இனிமே என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

அந்தக் குரலில் நர்ஸ் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஏணில ஏறும்போது சுத்துதா, இறங்கும்போதா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. மேல நின்னு கம்பியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கும்போது. அப்பதான் கையும் கனத்துப் போகும். வயசாச்சுல்ல."

"எந்தக் கை?"

"இடது. வலது கைல ஸ்க்ரூ போடணுமே."

"ஆட்டோ பிடிச்சு நேரா வாங்க. ஏணியைத் தொடாதீங்க."

போனார். நர்ஸ் அவரை உட்காரச் சொல்லவில்லை. "வேலை செய்யற மாதிரி நின்னு காட்டுங்க" என்றார். அறை நடுவில் நின்று, இல்லாத கம்பியை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் இல்லாத ஸ்க்ரூவைத் திருகினார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்தில் இடது கை தானாக இறங்கிவிட்டது.

"வீட்ல எந்தக் கைல பட்டை கட்டறீங்க?"

"இடதுலதான் சிஸ்டர். நம்பர் போட வலது கை வேணாமா?"

நர்ஸ் திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார். அதன் இடதுபுறம் சுவரோடு ஒட்டியிருந்தது. மேஜையும் மெஷினும் வலதுபுறம். அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நீட்டியது வலது கையைத்தான். அவர் நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்து அறை நடுவில் போட்டார். ஏணிக்காரரை உட்காரவைத்து, பொறுமையாகக் காத்திருந்து, இடது கையில் அளந்தார். நூற்று முப்பது. வலது கையில் கட்டினார். நூற்று எழுபத்தெட்டு. மறுபடி இடது. மறுபடி வலது. எண்கள் இடம் மாறவில்லை. கடைசியாக இரண்டு மணிக்கட்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இடது நாடி மெலிந்து, சற்றே பிந்தி வந்தது.

"அண்ணா, உங்க பிரஷர் வலது கைல இருக்கறதுதான்."

"அப்போ இடது கை பொய் சொல்லுதா?"

"பொய்யில்ல. அந்தக் கைக்குப் போற ரத்தக்குழாய்ல எங்கேயோ சுருக்கம் இருக்கணும். அதுக்கு ரத்தம் கம்மியாத்தான் போகுது. தூக்கிப் பிடிச்சு வேலை செய்யும்போது அது மூளைக்குப் போற ரத்தத்துல கொஞ்சம் இழுத்துக்குதுன்னு நினைக்கிறேன். டாக்டர்தான் உறுதி பண்ணணும்."

ஏணிக்காரர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கூட வேலை செய்த கூட்டாளி சொந்த வீட்டிலேயே கைவைத்ததாகக் கேள்விப்பட்டதுபோல் இருந்தது.

நர்ஸ் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "முதல் நாளே ரெண்டு கைலயும் பார்த்திருக்கணும். அதுதான் முறை. அன்னைக்கு வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்னுச்சு, நான் பார்க்கல. அப்புறம் உங்களைப் பயந்தவர்னு வேற சொன்னேன். மாத்திரையையும் குறைச்சேன். தப்பு என்னோடதுண்ணா."

கோபப்பட வேண்டுமா, பரவாயில்லை என்று சொல்ல வேண்டுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு மாதம் தலைசுற்றலோடு ஏணி உச்சியில் நின்றிருக்கிறார். ஆனால் தப்பு என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லி அவர் கேட்டதேயில்லை. "வீட்டுக்காரிகிட்ட மட்டும் போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார். "நான் சொன்னா நம்பமாட்டா."

ஸ்கேனில் நர்ஸ் சொன்னது சரியென்று தெரிந்தது. தோளுக்குப் போகும் குழாயில் சுருக்கம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், தலைசுற்றல் நிற்காவிட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை மூன்றாயிற்று. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யக்கூடாது என்று கட்டளை. ஏணிக்காரர் இரண்டு நாள் யோசித்து, மீந்த கம்பிகளின் நுனியில் இரண்டாகப் பிரியும் கவட்டை வைத்து, தரையிலிருந்து ஜன்னல் உச்சிவரை எட்டும் ஒரு முட்டு செய்துகொண்டார். இப்போது அதுதான் மேலே கம்பியைத் தாங்குகிறது. வீட்டில் பட்டை வலது கைக்கு மாறியது. எண்ணைப் போடுவது மனைவி. மூன்று வாரம் சிவப்பு, பிறகு மஞ்சள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் நூற்று முப்பத்துநாலு என்று பச்சை விழுந்தபோது, போன் செய்யத் தேவையில்லாமலே நர்ஸ் போன் செய்தார்.

அடுத்த முறை அவர் போனபோது அறையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வலது கையில் அளந்து, இடது கையையும் கேட்டார்.

"ஒரு கைல பார்த்தாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார் புது ஆள்.

பெஞ்சிலிருந்த ஏணிக்காரர் சும்மா இருப்பாரா? "அப்படி இல்ல சார். ஆள் ஒருத்தர்தான், ஆனா பிரஷர் ரெண்டு. அதுல கூடுதலா இருக்கறதுதான் சரி, குறைவா இருக்கறது… அதுவும் சரிதான், ஆனா அது நல்லதில்ல. நல்ல நம்பர் கெட்டது. அதாவது…"

புது ஆள் மிரண்டுபோய் நர்ஸைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் நர்ஸ். "இவருக்கு இங்கேயே ஏறிடப் போகுது."